பாட்டு யாருக்குச் சொந்தம்? பொப் டிலனும் அவரைத் தொடரும் இரசிகர்களும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12, 13, 14 ஆகிய மூன்று இரவுகளிலும் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் பாடினார். அவற்றுள் ஓர் இரவு நானும் அங்கு சென்றிருந்தேன். கதவுகள் திறப்பதற்கு நெடுநேரம் முன்னரே மண்டபத்தைச் சுற்றி வரிசை நீண்டிருந்தது. காதில் விழுந்த மொழிகளைக் கொண்டு பார்த்தால், அங்கு நின்றவர்களிற் பலர் இலண்டன்வாசிகள் அல்லர் என்பது புரிந்தது. நோர்வேஜிய மொழி ஒரு பக்கம், இத்தாலிய மொழி இன்னொரு பக்கம். எனக்கு முன்னால் நின்ற முதியவர் யேர்மனியிலிருந்து வந்திருந்தார். ஒக்டோபர் மாத ஆரம்பத்திற் பிராக் நகரில் தொடங்கிய அந்தச் சுற்றுப்பயணத்தில் தாம் பார்க்கப்போகும் ஏழாவது நிகழ்ச்சி இது என்றார்.

"ஒரே மனிதர், ஒரே பாடல்கள். ஏழு தடவைகள் கேட்டால் அலுப்புத் தட்டாதா?" என்று கேட்டேன்.

பாடம் படிக்காமல் வகுப்புக்கு வந்த மாணவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "ஒரே பாடல்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார்.

பல்கலைக்கழகத்திற் சில ஆண்டுகள் விரிவுரையாற்றியவன் நான். கேள்விகளால் மாணவரை மடக்கியிருக்கிறேன். அன்று நடைபாதையில் நின்ற ஒரு மனிதரிடம் நான் மடங்கிப்போனேன். ஒரு பாடல் எப்போது முடிவடைகிறது? எழுதி முடித்த அன்றா, இசைத்தட்டில் ஏறிய அன்றா, அல்லது கேட்பவன் மனத்தில் அது குடிகொண்ட அன்றா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக டிலனின் இரசிகர்கள் தம்முள் நடத்திவரும் வாதங்கள் யாவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன எனலாம்.

முதற் பிணக்கு

டிலன் 1941 மே 24 ஆம் திகதி அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் டுலுத் நகரிற் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில். இயற்பெயர் றொபேர்ட் சிமர்மன். 1961 சனவரியில், இருபது வயது நிறையாத இளைஞராக நியூயோர்க் வந்து, கிற்றாரும் வாயிசைக் கருவியுமாகச் சிறு கோப்பிக் கடைகளிற் பாடினார். 1962 இல் முதல் இசைத்தொகுதி வெளிவந்தது. 1963 இல் வந்த இரண்டாவது தொகுதி அவரை நாடறியச் செய்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 28 இல், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியில் டிலனும் பாடினார். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் குரல்கொடுத்த ஒரு தலைமுறை, அவரைத் தன் வாயாகவே கருதத் தொடங்கியது.

அவருக்கோ அந்தப் பொறுப்பில் விருப்பமிருக்கவில்லை. 1965 யூலை 25 இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், மின்சாரக் கிற்றாருடன் வாத்தியக் குழுவொன்றைச் சேர்த்துக்கொண்டு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். மறு ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்தில், முன்பாதியிலே தனியாகவும் பின்பாதியிலே மின்சாரக் குழுவினருடனும் பாடினார். முன்பாதியை மௌனமாகக் கேட்ட அதே சபை, பின்பாதியிற் கைதட்டிக் குழப்பியது.

1966 மே 17 இல் மன்செஸ்ரர் ஃபிரீ ட்றேட் மண்டபத்தில் நிகழ்ந்தது இசை வரலாற்றிலே பதிந்துவிட்டது. நிகழ்ச்சி முடியுந் தறுவாயில், இருளிலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். தன் குருவை முப்பது வெள்ளிக் காசுக்கு விற்றவனின் பெயர் அது. யூதக் குடும்பத்திற் பிறந்த ஒருவரை நோக்கி அந்தச் சொல் எறியப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. டிலன், உன்னை நான் நம்பவில்லை, நீ பொய்யன் என்ற கருத்துப்பட மேடையிலிருந்து பதிலளித்துவிட்டு, முன்னையிலும் உரத்து வாசிக்குமாறு குழுவினரை ஏவி, இறுதிப் பாடலைத் தொடங்கினார். கத்தியவன் நானே என்று பின்னாளில் உரிமை கோரியவர் ஒருவர் மாத்திரமல்லர். அன்று பள்ளி மாணவனாக அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்த சி. பி. லீ என்பவர், அந்த ஓர் இரவைப் பற்றியே ஆராய்ந்து 1998 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

கத்தியவரை இன்று நகைப்பது எளிது. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மரக் கிற்றார் உண்மையின் வாத்தியம், மின்சாரக் கிற்றார் சந்தையின் வாத்தியம் என்று அந்நாளைய நாட்டார் இசை அன்பர்கள் மனதார நம்பினார்கள். தம்மோடு ஊர்வலத்தில் நடந்தவர் சந்தைக்குப் போய்விட்டார் என்ற வேதனையே அந்தக் கூச்சலிற் கேட்டது. பகைவர்கள் ரிக்கற் வாங்கி வந்து அப்படிக் கத்துவதில்லை. அன்பு கொண்டவர்களே கத்துவார்கள்.

பெட்டகத்திலிருந்து கசிந்த நாடாக்கள்

அந்த மன்செஸ்ரர் நிகழ்ச்சியை இசைத்தட்டு நிறுவனமே பதிவுசெய்து, வெளியிடாமல் வைத்திருந்தது. அந்த ஒலிநாடாவின் பிரதி எப்படியோ வெளியே கசிந்தது. கள்ளத்தனமாக அச்சிட்டவர்கள் அதனை றோயல் அல்பேர்ட் மண்டப நிகழ்ச்சி என்று பிழையாகப் பெயரிட்டு விற்றார்கள். அது இலண்டனா மன்செஸ்ரரா என்று இரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இறுதியில் 1998 இல் நிறுவனம் அதை முறைப்படி வெளியிட்டபோது, அந்தப் பிழையான பெயரையே மேற்கோட் குறிகளுக்குள் இட்டு அட்டையில் அச்சிட்டது. அதாவது, இரசிகர் வட்டாரத்தில் வழங்கிய பெயருக்கு நிறுவனமே தலைவணங்க நேர்ந்தது. நான் 2024 இல் வரிசையில் நின்றது அந்தப் பிழையால் இருமடங்கு புகழ் பெற்ற மண்டபத்தின் வாசலிலேதான்.

இதற்கு முன்னோடியான சம்பவம் ஒன்றுண்டு. 1966 யூலையில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றின் பின் டிலன் மேடையை விட்டு விலகினார். 1967 இல் வூட்ஸ்ரொக் அருகே ஒரு வீட்டின் நிலவறையில், தம் குழுவினருடன் சேர்ந்து, வெளியிடும் நோக்கமின்றிப் பல பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றிற் சிலவற்றையும் வேறு சில பழைய பதிவுகளையும் சேர்த்து, 1969 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் யாரோ வெற்று வெள்ளை உறையில் இரட்டை இசைத்தட்டாக வெளிவிட்டார்கள். 'கிறேற் வைற் வொண்டர்' என்ற அந்தத் தட்டுத்தான் றொக் இசையுலகில் முதலில் பெரிதாகப் பரவிய கள்ளப் பதிப்பு. நிலவறைப் பாடல்களில் ஒரு பகுதியை நிறுவனம் 1975 இல் வெளியிட்டது. கிடைத்த யாவற்றையும் திரட்டி ஆறு தட்டுக்களில் 138 பதிவுகளாக வெளியிட்டதோ 2014 இல். நாற்பத்தைந்து ஆண்டுகள் நிறுவனம் பின்னேயும் இரசிகர் முன்னேயும் நடந்தார்கள்.

இந்த நாடா வட்டாரத்திற்கென எழுதாத சட்டம் ஒன்றிருந்தது. நாடாவை விற்கக்கூடாது. வெற்று நாடாவை அனுப்பினால் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். அல்லது உன்னிடமுள்ளதைத் தந்து என்னிடமுள்ளதைப் பெற்றுக்கொள் என்பார்கள். பணம் பண்ணியவர்களும் இருந்தார்கள்தான். ஆயினும் பண்டமாற்றாய் நடந்த அந்தக் கொடுக்கல் வாங்கலே நாடு கடந்து நட்புக்களை வளர்த்தது. 1981 இல் இங்கிலாந்தில் யோன் போல்டி 'த ரெலிகிராஃப்' என்ற இதழை ஆரம்பித்தார். 1985 இல் 'ஐசிஸ்' என்ற இதழ் தோன்றியது. டென்மார்க்கின் மைக்கேல் குறொக்ஸ்கோர்ட், சுவீடனின் ஓலொவ் பியோர்ணர் ஆகியோர், டிலன் எந்நாளில் எங்கு எப்பாடலை யாருடன் பாடினார் என்பதைத் திகதிவாரியாகத் தொகுத்தனர். பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடகரை ஏறெடுத்தும் பாராத நாட்களில், இரசிகர்களே தமக்குத் தாமே ஒரு பல்கலைக்கழகமாகியிருந்தார்கள். 1991 இல் வெளியிடப்படாத பதிவுகளை நிறுவனம் தொகுத்து வெளியிட்டபோது, அதற்கான குறிப்புரையை எழுத இதழாசிரியர் போல்டியையே நாடியது. 1996 ஒக்டோபரில் ஒரு ஹெலிகொப்ரர் விபத்தில் அவர் இறந்தார்.

ஒரு தட்டின் இரண்டு உருவங்கள்

டிலன் இரசிகர் இருவர் சந்தித்தால் ஓயாமல் வாதிடும் விடயங்களுள் ஒன்று 1975 சனவரியில் வெளிவந்த 'பிளட் ஒன் த ட்றாக்ஸ்' என்ற தொகுதி. 1974 செப்ரெம்பரில் நியூயோர்க்கில் அதன் பத்துப் பாடல்களும் பதிவு செய்யப்பட்டு, பரீட்சார்த்தத் தட்டும் வார்க்கப்பட்டு, அட்டையும் அச்சாகிவிட்டது. டிசெம்பரில் டிலன் தம் சொந்த மாநிலத்திற்குச் சென்றிருந்தபோது மனம் மாறினார். மினியாப்பொலிஸ் நகரில் உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்டி ஐந்து பாடல்களை இரண்டே நாட்களில் மறுபடியும் பதிவு செய்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டமையால், அந்த உள்ளூர்க் கலைஞர்களின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை.

நியூயோர்க் வடிவம் தணிந்த குரலில், ஒருவர் இரவில் தனியே இருந்து தம் முறிந்த உறவை நினைப்பதுபோல் இருக்கும். மினியாப்பொலிஸ் வடிவத்தில் வேகமும் கோபமும் கூடியிருக்கும். முதலாவதே உண்மையானது என்பர் ஒரு சாரார். முழுத்தொகுதியும் தணிந்த குரலில் இருந்திருந்தால் கேட்பவன் மூச்சுத் திணறியிருப்பான், இரண்டாவதே சரியென்பர் மறுசாரார். 2018 இல் நியூயோர்க் பதிவுகள் முழுமையாக வெளிவந்த பின்னரும் இந்த வழக்கு முடியவில்லை. காரணம் எளியது. இரு வடிவங்களையும் பாடியவர் ஒருவரே. அவரே முதலாவதை மறுத்து இரண்டாவதை ஏற்றார். ஆனால் அவர் மறுத்த வடிவத்தின் மீது காதல் கொண்டவர்களுக்கு, அவருடைய தீர்ப்பு இறுதித் தீர்ப்பாக இல்லை.

அத்தோடு நின்றாரா என்றால் இல்லை. அதே தொகுதியின் முதற் பாடலின் வரிகளை அவர் மேடைகளிற் பலமுறை மாற்றியிருக்கிறார். 'நான்' என்றிருந்த இடத்தில் 'அவன்' வரும். ஊர்கள் மாறும். 1984 இல் வெளிவந்த மேடைப்பதிவொன்றில் அந்தப் பாடல் பெரும்பகுதி புதிதாகவே எழுதப்பட்டிருந்தது. இன்னோர் உதாரணமும் கூறலாம். 1983 இல் 'இன்ஃபிடெல்ஸ்' தொகுதிக்காகப் பதிவு செய்யப்பட்ட 'பிளைன்ட் வில்லி மக்ரெல்' என்ற பாடலை அவர் தொகுதியிற் சேர்க்காது ஒதுக்கிவிட்டார். நாடா வட்டாரத்தில் அது கைக்குக் கை மாறியது. அவருடைய மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்றை அவரே தூக்கியெறிந்துவிட்டார் என்று இரசிகர்கள் எழுதினார்கள். 1991 இல் அது முறையாக வெளிவந்தது. ஒதுக்கப்பட்ட ஒரு பாடலை எட்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் கேட்டவர்களே.

பின்தொடர்வோரின் பாதை

1979 இல் டிலன் கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவினார். அவ்வாண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கிற் பதினான்கு நிகழ்ச்சிகள் நடத்தினார். பழைய பாடல் ஒன்றுகூட இல்லை. யாவும் புதிய பக்திப் பாடல்கள். சபையிற் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர், பத்திரிகைகள் கடுமையாக எழுதின. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மன்செஸ்ரரிற் கேட்ட அதே குற்றச்சாட்டு, இம்முறை எதிர்த்திசையிலிருந்து எழுந்தது. அன்று கொள்கையை விட்டார் என்றவர்கள், இன்று கொள்கையிற் கூடிவிட்டார் என்றார்கள். ஆனால் 2017 இல் அக்காலப் பதிவுகள் ஒன்று திரட்டி வெளியிடப்பட்டபோது, அவர் வாழ்நாளிலேயே மிக உருக்கமாகப் பாடிய காலங்களுள் ஒன்று அது எனப் பலர் ஒப்புக்கொண்டனர். கேட்கும் காது தயாராவதற்குச் சில சமயம் நாற்பதாண்டுகள் தேவைப்படுகின்றன.

1988 யூன் 7 இல் கலிபோர்னியாவின் கொன்கோர்ட் நகரிற் சிறியதொரு குழுவுடன் அவர் தொடங்கிய சுற்றுப்பயணத்தை, உலகம் 'முடிவுறாத பயணம்' என அழைத்தது. 1993 இல் ஓர் இசைத்தட்டின் குறிப்புரையில், அந்தப் பயணம் எப்போதோ முடிந்துவிட்டது என்று டிலனே கேலியாக எழுதினார். இரசிகர்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. ஏறத்தாழ ஆண்டுக்கு நூறு நிகழ்ச்சிகள் வீதம் அவர் பாட, ஊர் ஊராக அவர்கள் தொடர்ந்தார்கள். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2021 நவம்பர் 2 இல், எண்பது வயதில், மில்வோக்கி நகரில் மீண்டும் மேடையேறினார்.

பின்தொடர்வோரிற் செல்வந்தர் சிலர். பெரும்பாலோர் ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், ஓய்வூதியர்கள். வருடாந்த விடுமுறையைக் கடலோரத்திற் கழிக்காமல் இரவுப் புகையிரதங்களிலும் மலிவான விடுதிகளிலும் கழிப்பவர்கள். அவர்களுடைய பேச்சில் அடிக்கடி அடிபடும் ஓர் இரவு 1995 மார்ச் 11. அன்று பிராக் நகரில், உடல்நலங் குன்றியிருந்த டிலன், வழக்கமாகத் தோளில் தொங்கும் கிற்றாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஒலிவாங்கியைக் கையிற் பிடித்துப் பாடினார். ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடிப்பவர்போல் அவர் பாடிய அந்த இரவு, இரசிகர் வாய்மொழியில் ஒரு காவியமாகிவிட்டது. மறுபுறம், குரல் கரகரத்து, வரிகள் சிதைந்து, எந்தப் பாடலென்றே அறிய முடியாது போன இரவுகளும் அநேகம். அவற்றுக்கும் இவர்கள் சாட்சிகள். எந்த இரவு எப்படி அமையும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை. அதனாலேயே அடுத்த ஊருக்கும் ரிக்கற் வாங்குகிறார்கள்.

அன்பின் எல்லைகள்

இந்த அன்புக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1970களின் ஆரம்பத்தில், நியூயோர்க்கில் டிலன் வாழ்ந்த வீட்டின் குப்பைத்தொட்டியைக் கிளறி, கிடைத்த கடதாசிகளைக் கொண்டு பாடல்களுக்கு உரை எழுதிய ஒருவர் இருந்தார். அதனை ஓர் ஆய்வுத்துறை என்றே அவர் கூறிக்கொண்டார். பாடல் எனக்குச் சொந்தம், ஆகவே பாடியவனின் வாழ்வும் எனக்குச் சொந்தம் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது உதாரணம்.

அதே உன்னிப்பான கண் நற்பயனும் தந்திருக்கிறது. 2001 செப்ரெம்பர் 11 இல், அந்தக் கொடிய நாளிலேயே, 'லவ் அன்ட் தெஃப்ற்' என்ற தொகுதி வெளிவந்தது. யப்பானில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்க இரசிகர் ஒருவர் தற்செயலாக வாசித்த ஒரு நூலில் அந்தப் பாடல்களின் சில அடிகளை ஒத்த வாக்கியங்கள் இருக்கக் கண்டார். அது யப்பானிய மருத்துவர் யுனிச்சி சாகா எழுதிய, குண்டர்தலைவன் ஒருவனின் வாழ்க்கைக் கதை. 2003 இல் இது பத்திரிகைகளில் வெளியானது. திருட்டு என்றனர் சிலர், நாட்டார் பாடகன் எக்காலமும் செய்துவந்த எடுத்தாள்கை என்றனர் வேறு சிலர். மருத்துவர் சாகாவோ கோபிக்கவில்லை, மகிழ்ந்தார். 2022 இல் டிலனின் நூலொன்றின் 900 பிரதிகள் அவர் கையொப்பத்துடன் எனச் சுமார் 600 டொலர் விலையில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் தத்தம் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவை இயந்திரம் இட்ட கையொப்பங்கள் என்பதைக் கண்டுபிடித்தார்கள். பதிப்பாளர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. டிலனும் வருத்தம் தெரிவித்தார். தம் நாயகரைக் கண்மூடி வணங்குபவர்கள் இவ்விதம் அவரையே கையும் மெய்யுமாகப் பிடித்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தின் கண்ணிற் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை தெளிவானது. 2020 டிசெம்பரில், தாம் எழுதிய 600 க்கு மேற்பட்ட பாடல்களின் உரிமையை டிலன் ஒரு பெரும் நிறுவனத்துக்கு விற்றார். ஒலிப்பதிவுகளின் உரிமை 2021 இல் இன்னொரு நிறுவனத்துக்குப் போயிற்று. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் முதலியன ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகருக்குச் சென்று, அங்கு 2022 மே மாதம் ஒரு நிலையமாகத் திறக்கப்பட்டுள்ளன. 2016 இல் நொபெல் இலக்கியப் பரிசு கிடைத்தபோது, இது இலக்கியமா என்று கேட்டவர்களுக்கும் ஒருவகையில் விடை கிடைத்தது. பரிசளிப்புக்கு அவர் செல்லவில்லை. பற்றி ஸ்மித் என்ற பாடகி அவருக்காக ஸ்ரொக்ஹோமிற் பாடினார். பாடும்போது இடையிலே தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கினார். ஆயிரக்கணக்கான தடவைகள் அந்தப் பாடலைக் கேட்டிருந்தவர்கள் பலர் அந்தத் தடுமாற்றத்தையே பெரிதும் போற்றினார்கள். கைகள் மாறிய பத்திரங்களில் இது எதுவும் எழுதப்பட்டிருக்காது.

ஒருவருக்காக ஒரு கச்சேரி

2014 நவம்பரில் சுவீடன் நாட்டவர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். வழக்கமாகக் கூட்டமாகச் செய்யும் காரியங்களை ஒருவர் தனியே செய்தால் எப்படியிருக்கும் என்பதைப் படம்பிடிக்கும் தொடர் அது. பிலடெல்பியாவின் பழம்பெரும் அரங்கொன்றில் டிலனும் குழுவினரும் பாட, வெறுமையான ஆயிரக்கணக்கான ஆசனங்களுக்கிடையில் ஃபிரெடிறிக் விக்கிங்சன் என்ற தொலைக்காட்சியாளர் மாத்திரம் அமர்ந்திருந்தார். அவரும் நெடுங்கால டிலன் இரசிகர். டிலன் தம் பாடல் எதையும் பாடாமல், தமக்கு முற்பட்ட பாடகர்களின் பழம்பாடல்களைப் பாடினார். ஓர் இரசிகன் கனவிலும் எதிர்பாராத பேறு என்றுதான் இதைக் கேட்டவுடன் தோன்றும்.

ஆனால் நான் யோசித்துப் பார்க்கிறேன். பாடல் முடிந்ததும் கைதட்டியது ஒரே ஒரு சோடிக் கைகள். வெளியே வந்தபின், "நீயும் கேட்டாயா? அந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தியதைக் கவனித்தாயா?" என்று கேட்பதற்கு எவருமில்லை. இசை நிகழ்ச்சி என்பது பாடகருக்கும் கேட்பவனுக்கும் இடையில் மாத்திரம் நிகழ்வதன்று. கேட்பவனுக்கும் பக்கத்து ஆசனத்துக்காரனுக்கும் இடையிலும் அது நிகழ்கிறது.

மண்டபத்தின் உள்ளே

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். கதவு திறந்ததும், ஒவ்வொருவருடைய கைத்தொலைபேசியும் ஒரு சிறு பையினுள் இட்டுப் பூட்டப்பட்டு அவரவர் கையிலேயே தரப்பட்டது. படம் எடுக்க முடியாது, பதிவு செய்யவும் முடியாது. அரைநூற்றாண்டுக் காலம் நாடாக்களால் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, மனத்தில் மாத்திரம் பதிந்துகொள் என்று விதித்தது போலிருந்தது அது.

மங்கிய ஒளியில், பியானோவின் பின்னால், எண்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் அமர்ந்து பாடினார். சபையோடு அதிகம் பேசவில்லை. பழைய பாடல் ஒன்று தொடங்கி முதற் சில அடிகள் கழிந்த பிறகே, அது எந்தப் பாடல் என்பது மண்டபம் முழுவதற்கும் மெல்ல மெல்ல விளங்கி ஒரு சலசலப்பாகப் பரவியது. நான் வருடக்கணக்கிற் கேட்டுவந்த மெட்டு அதில் இல்லை. எனக்குள் ஓர் ஏமாற்றம் எழுந்ததை மறைக்கமாட்டேன். மன்செஸ்ரரிற் கத்தியவரை அந்தக் கணத்தில் நான் நன்கு புரிந்துகொண்டேன். என் பாட்டை எனக்குத் திருப்பிக் கொடு என்றுதானே அவரும் கேட்டார்!

இந்த ஏமாற்றம் புலம்பெயர்ந்த நமக்குப் புதியதன்று. நாம் ஊரை விட்டு வந்த நாளில் எந்தப் பாட்டைக் கேட்டோமோ, அதே பாட்டு, அதே குரலில், அதே வேகத்தில் என்றும் இருக்கவேண்டும் என விரும்புகிறோம். ஊரும் அப்படியே இருக்கவேண்டும் என்கிறோம். ஊரிலிருந்து வருபவர் புதிய சொல் ஒன்றைப் பேசினால் முகஞ்சுழிக்கிறோம். இங்கு பிறந்த பிள்ளை பழைய பாட்டை வேறு விதமாகப் பாடினால் திருத்துகிறோம்.

ஆனால் நினைவைச் சற்றுக் கிளறினால் வேறோர் உண்மையும் வெளிப்படுகிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிகளுக்கும் தட்டுப்பாடு. சைக்கிளை நிறுத்தில் நிறுத்தி, டைனமோவில் வயரைப் பொருத்தி வானொலியும் கசற்றும் கேட்டோம். சிறுவர்களாகிய நாங்கள் முறைவைத்து மிதித்தோம். மிதிப்பவன் களைத்தால் பாடகரின் குரல் தளர்ந்து கம்மும். அவன் உற்சாகங் கொண்டால் குரலும் நிமிர்ந்து கொள்ளும். இன்று கேட்ட பாட்டு நேற்றுக் கேட்ட பாட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. அது எங்கள் கால்களின் பாட்டாகவும் இருந்தது. அந்த ஒலிநாடாவின் உரிமையாளர் எவரென்று நாங்கள் விசாரித்ததில்லை.

அன்றிரவின் இறுதிப் பாடலாக, 1981 இல் வெளிவந்த பக்திப் பாடல் ஒன்றை டிலன் பாடினார். நடுவில் வாயிசைக் கருவியை எடுத்து ஊதியபோது ஐயாயிரம் பேர் கொண்ட மண்டபத்திற் செருமல் ஒலிகூடக் கேட்கவில்லை. விளக்குகள் அணைந்தன. வாசலிற் பைகளின் பூட்டுகளைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அநேகர் உடனே தொலைபேசியைப் பார்க்கவில்லை. குளிரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

யேர்மனிய முதியவரை நடைபாதையில் மீண்டும் கண்டேன். நோர்வேஜிய இளம்பெண் ஒருத்தியுடன் அவர் கடும் வாதத்தில் இருந்தார். இறுதிப் பாடலைப் பிராக்கிற் பாடியதே மேலானது என்றார் அவர். பிராக்கில் நான் இருக்கவில்லை, ஆனால் இன்று கேட்டதைவிட மேலானது இருக்க முடியாது என்றாள் அவள். என்னைக் கண்டதும் முதியவர், "நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நான் கேட்டது ஒரே ஓர் இரவு. ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "அடுத்த நிகழ்ச்சி எந்த ஊரில்?" என்று மாத்திரம் கேட்டேன். இருவரும் சிரித்தார்கள்.